பொன்னுருக்கிய பின் சிங்கப்பூர்

அப்பாவை அரைக் காற்சட்டையில் நான் கண்டது ஒரேயொரு கிழமை, ஏழே ஏழு நாள்தான். அது நாங்கள் சிங்கப்பூருக்குப் போன கிழமை. வெயிலே படாமல் வளர்ந்த அந்த இரண்டு முழங்கால்களையும் பார்த்துவிட்டு அம்மா கொழும்பு வெள்ளவத்தை வீட்டுப் படிக்கட்டிலேயே தலையில் கைவைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இந்தக் கோலத்தோடயோ மாப்பிள்ளைக்கு முன்னால போய் நிக்கப் போறியள்?"

"ஹொலிடே போற ஆக்கள் இப்பிடித்தான் உடுப்பினம். புறக்கோட்டைக் கடையில விசாரிச்சுத்தான் வாங்கினனான்" என்றார் அப்பா.

புறக்கோட்டையில் அவர் யாரை விசாரித்தார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தலையில் தொப்பி, கழுத்தில் இரவல் கமெரா, கையில் பெரிய கறுப்புக் குடை. இந்தக் கோலத்தோடுதான் விமான நிலையத்துக்குப் போகிற வாடகை வானில் ஏறி முன் சீற்றில் உட்கார்ந்தார்.

நாங்கள் போனது அக்காவின் கலியாணத்துக்கு. ஆனால் அதை வெளியில் சொல்லக் கூடாது. மாப்பிள்ளை கனடாவில் இருந்தார். சண்டைக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி, அங்கே அகதியாகப் பதிந்தவர். கொழும்புக்கு வந்து தாலி கட்டினால் இங்கே பிடித்து உள்ளே போடுவார்கள். தப்பித் திரும்பினாலும், "இவ்வளவு பயம் எண்டு சொன்ன நாட்டுக்கு ஏன் போனனீர்?" என்று அங்கே கேட்பார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களின் கலியாணங்கள் பல இப்படித்தான், நடுவில் ஒரு நாட்டைப் பிடித்து நடந்தன. பெண் வீட்டார் இந்தப் பக்கத்தால் போவார்கள், மாப்பிள்ளை அந்தப் பக்கத்தால் வருவார். எங்களுக்கு வாய்த்த நடு நாடு சிங்கப்பூர்.

காலி வீதியில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த டிக்கெட் ஏஜென்ட்தான் அப்பாவுக்குப் புத்தி சொன்னவர். "ஐயா, கலியாணம் எண்டு மட்டும் வாயைத் திறந்துபோடாதேங்கோ. நூறு கேள்வி கேப்பாங்கள். ஹொலிடே எண்டு சொல்லிப்போட்டுப் பேசாமல் உள்ளுக்குப் போங்கோ."

அப்பா அரசாங்கக் கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பொய் சொன்னால் அவருக்கு வயிறு குழம்பும். இது நக்கலுக்குச் சொல்வதில்லை, உண்மையாகவே குழம்பும். ஏஜென்டிடம் போய்வந்த நாளிலிருந்து சாப்பாடு குறைந்தது. பிறகு ஒருநாள் விடிய முகம் தெளிந்து வந்து, "நாங்கள் ஹொலிடேதான் போறம். போன இடத்தில ஒரு கலியாணம் நடந்தால் அது தற்செயல்" என்று அறிவித்தார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஹொலிடே என்று ஓர் அதிகாரியிடம் சொன்னால் ஹொலிடே அனுபவித்தே ஆக வேண்டும் என்பது அவருடைய கட்சி. ஒவ்வொரு நாளும் எல்லாரும் சேர்ந்து ஏதாவது ஒன்றைப் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்ததற்கு அத்தாட்சியாகப் படம் எடுக்க வேண்டும். "திரும்பி வரேக்க ஒபிசர் என்ன பாத்தனீங்கள் எண்டு கேட்டால் என்னத்தைக் காட்டுறது?" என்பார். எந்த ஒபிசரும் கேட்கமாட்டான் என்று நாங்கள் தொண்டை கிழியச் சொன்னோம். மனிதன் கேட்டால்தானே!

இதில் அக்காவின் பாடு வேறு. அக்கா கணக்கு ரீச்சர். முப்பது தாண்டியிருந்தாள். முன்பு லண்டனிலிருந்து வந்த ஒரு சம்பந்தத்தை, படத்தில் அந்த மனிதர் நாய்க்குட்டியைப் பிடித்திருந்த விதம் சரியில்லை என்று சொல்லித் தட்டிக் கழித்தவள். இந்த மாப்பிள்ளையையும் படத்தில்தான் கண்டிருந்தாள். ஓம் என்று சொல்லமுன் அப்பாவிடம் ஒரு நிபந்தனை போட்டாள்.

"நான் அந்தாளோட ஒரு மணித்தியாலம் தனியக் கதைக்க வேணும். கதைச்சுப்போட்டுத்தான் கட்டுறனோ இல்லையோ எண்டு சொல்லுவன். பிடிக்காட்டி அந்தத் தாலியை உருக்கித் தங்கச்சிக்குத் தோடு செய்து போடுங்கோ."

அப்பா சரியென்று வாக்குக் கொடுத்தார். எனக்கும் அந்தத் தோட்டில் கொஞ்சம் ஆசை வந்தது. ஆனால் என்ன கேட்கப் போகிறாள் என்று நான் நச்சரித்தும் அக்கா வாய் திறக்கவில்லை.

வினை எங்கே வந்தது என்றால், பொன்னுருக்கில் வந்தது. கலியாணத்துக்கு முன் ஒரு நல்ல நாளில் மாப்பிள்ளை வீட்டில் நகை செய்கிற பத்தரைக் கூப்பிட்டுத் தாலிக்குப் பொன் உருக்குவது எங்கள் வழக்கம். மாப்பிள்ளையின் தாய் கொழும்பிலேயே கொட்டாஞ்சேனையில் ஓர் அறையும் குசினியும் வாடகைக்கு எடுத்து இருந்தார். மாமி என்றுதான் அவரைக் கூப்பிட்டோம். புருஷன் இல்லை, இருக்கிற ஒரே பிள்ளையும் கனடாவில். பொன்னுருக்குக்கு மாப்பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு மாமி, மகனுடைய பழைய படத்தைச் சட்டம் போட்டுக் கதிரையில் வைத்துவிட்டார். பத்தர் நெருப்பு மூட்டினார். மாமி சந்தோஷத்தில் படத்துக்குச் சந்தனப் பொட்டும் வைத்து, முன்னால் குத்துவிளக்கும் ஏற்றிவிட்டார். அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ மச்சாள், செத்த ஆளுக்கு வைக்கிற மாதிரியெல்லோ கிடக்கு! அழியுங்கோ, அழியுங்கோ!"

சேலைத் தலைப்பால் அம்மா துடைத்த துடையில் சந்தனம் கண்ணாடியெல்லாம் பூசி, மாப்பிள்ளைக்குப் பாதி முகம் இல்லாமல் போனது. அக்கா அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இப்ப இருக்கிறதையும் அழிச்சுப்போட்டினம்" என்றாள்.

பொன் உருக்கியாயிற்று. தேசிக்காய்த் தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் மாமி சொன்னார், "இனித் தாலி கட்டுமட்டும் பொம்பிளையும் மாப்பிள்ளையும் முகம் பாக்கக் கூடாது, தெரியும்தானே."

தெரியும்தான். அது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் அக்காவுக்குக் கொடுத்த வாக்கை நினைத்துக்கொண்டு அந்த வழக்கத்தை அப்பா மறந்திருந்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா மாமி பக்கம். அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தேசிக்காய்த் தண்ணியைப் பார்த்தார்.

ஆக, நாங்கள் விமானம் ஏறும்போது எங்களோடு இரண்டு சட்டங்கள் வந்தன. அப்பாவின் சட்டப்படி எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து ஊர் பார்க்க வேண்டும். மாமியின் சட்டப்படி அதில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது. மூன்றாவதாக அக்காவின் நிபந்தனை இருந்தது. அதைத் தூக்க ஆளில்லை.

சிங்கப்பூரில் இறங்கினோம். இமிக்ரேஷன் மேசையில் அப்பா "ஹொலிடே" என்றார், சத்தமாக, நிமிர்ந்து நின்று. வயிறு குழம்பவில்லை. அடுத்தது மாமி. விமானத்தில் முழுக்க அவருக்கு அந்த ஒரு சொல்லைத்தான் சொல்லிக் கொடுத்து வந்தோம். அதிகாரி ஏதோ கேட்க, மாமி கைகூப்பி, "ஹொலிடே" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நோ வெட்டிங்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

அந்த அதிகாரி மாமியைப் பார்த்தான், அப்பாவின் முழங்காலைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான், முத்திரை குத்தினான். பாவம், அவனுக்கும் அன்றைக்கு நேரம் சரியில்லை போல.

ஊரோ ஊர், அப்படி ஒரு துப்புரவு. வீதியில் ஒரு தாள் துண்டு கிடையாது. அப்பா ஒவ்வொரு குப்பைத் தொட்டிக்குப் பக்கத்திலும் நின்று "எப்பிடி வைச்சிருக்கிறாங்கள் பாரும்" என்று அம்மாவுக்குக் காட்டினார். ஒன்றைப் படமும் எடுத்தார். மாமிக்குத்தான் கஷ்டம். அவர் வெற்றிலை போடுகிறவர். துப்பினால் தண்டம் கட்ட வேண்டும் என்று ஏஜென்ட் பயமுறுத்திவிட்டிருந்தார். ஆகவே காலையில் வாயில் போட்ட வெற்றிலையை ஹோட்டலுக்குத் திரும்பிவரும்வரை மாமி வெளியே விடுவதில்லை. பகல் முழுக்கக் கன்னம் வீங்கி, வாய் மூடி, கையாலும் கண்ணாலும்தான் கதைத்தார். ஆனாலும் ஒரு காவல் வேலையும் குறையவில்லை. கையை ஒரு வீச்சு வீசினால் அக்கா மரத்தின் பக்கம் திரும்ப வேண்டும். மற்றக் கையை வீசினால் மாப்பிள்ளை திரும்ப வேண்டும்.

மாப்பிள்ளை வந்து சேர்ந்த அன்று அக்காவைக் குளியலறைக்குள் விட்டு அம்மா கதவை வெளியால் பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் எட்டிப் பார்த்தேன். படத்தில் இருந்த அடர்ந்த தலைமயிரில் பாதியைக் கனடா எடுத்துக்கொண்டுவிட்டது. வயிற்றில் கொஞ்சம் வண்டியும் வைத்திருந்தது. ஹோட்டல் நடைவழியில் மாமி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் பக்கத்து அறைக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு காண்கிறார். மாப்பிள்ளை தாயின் முதுகைத் தடவிக்கொண்டே "அம்மா, அம்மா" என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன்.

குளியலறைக்குள்ளிருந்து அக்கா கேட்டாள், "எப்பிடியடி ஆள்?"

"அம்மாப்பிள்ளை மாதிரிக் கிடக்கு" என்றேன்.

"தலைமயிர்?"

"படத்தில இருக்கு."

அடுத்த நாளிலிருந்து ஹொலிடே தொடங்கியது. பறவைப் பூங்காவுக்குப் போனோம். முன்னால் மாமியும் மாப்பிள்ளையும். பின்னால் அம்மாவும் அக்காவும். நடுவில் அப்பா, விரித்த குடையைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு. மழையும் இல்லை, அந்தப் பக்கத்தில் வெயிலும் இல்லை. அவர்கள் பென்குயின் பார்க்கும்போது நாங்கள் நாரை பார்க்க வேண்டும். அவர்கள் நாரைக்கு வந்தால் நாங்கள் ஓடிப்போய்க் கிளி பார்க்க வேண்டும். ஐஸ்கிறீம் விற்ற ஒரு மலாய்ப் பெண் எங்களைத் தன் கடைக்கு முன்னால் மூன்று தரம் கண்டுவிட்டு, யாராவது தொலைந்துபோய்விட்டார்களா என்று கேட்டாள்.

படம் எடுக்கும்போதுதான் பெரிய கூத்து. எல்லாரும் இருக்க வேண்டும் என்பார் அப்பா. இருந்தோம். மாப்பிள்ளை கமெராவைப் பார்த்தால் அக்கா சுவரைப் பார்க்க வேண்டும். அக்கா பார்த்தால் அவர் பார்க்கக் கூடாது. இன்றைக்கும் அந்த அல்பத்தைப் புரட்டுகிறவர்கள், இவர்கள் இரண்டு பேருக்கும் அப்போது என்ன கோபம் என்று கேட்பார்கள்.

அக்கா பொறுமையாகத்தான் இருந்தாள். அப்பாவை மட்டும் அடிக்கடி ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வை தாங்காமல் அப்பா ஒரு யோசனை கண்டுபிடித்தார். பார்க்கத்தானே கூடாது, கதைக்கலாம்தானே. மாமி நெடுநேரம் யோசித்துத் தலையாட்டினார். அன்று பின்னேரம் எங்கள் அறையிலிருந்து அவர்களுடைய அறைக்குப் போன் எடுத்தோம்.

"நீங்கள் அங்க என்ன வேலை செய்யிறீங்கள்?" என்று அக்கா கேட்டாள்.

"நல்ல வேலை" என்றது மாமியின் குரல்.

"மாமி, அவரிட்டக் குடுங்கோ."

கொஞ்ச நேரம் கழித்து ஓர் ஆண் குரல் "ஹலோ" என்றது. இந்தப் பக்கம் அம்மா ரிசீவரின் மற்றப் பக்கத்தில் காதை ஒட்டிவிட்டார். அந்தப் பக்கமும் இதே காட்சிதான் என்று மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது.

"சாப்பிட்டீங்களோ?" என்றாள் அக்கா.

"ஓம். நீங்கள்?"

"ஓம்."

போனை வைத்துவிட்டாள். "இதுக்கோ ஒரு மணித்தியாலம் கேட்டனி?" என்றேன். தலையணை பறந்து வந்தது.

மறுநாள் இன்னொரு பூங்காவில், முதுகோடு முதுகாக இருக்கக்கூடிய ஒரு மர வாங்கைக் கண்டுபிடித்து இரண்டு பேரையும் இருத்தினார் அப்பா. அக்கா கடலைப் பார்க்க, அவர் காட்டைப் பார்த்தார். நடுவில் குடை. நல்ல ஏற்பாடுதான். அக்கா தொண்டையைச் செருமி, "நான் ஒரு விஷயம் கேக்க வேணும்" என்று தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டது. குடைக்குள் ஏதோ வித்தை நடக்கப் போகிறது என்று நினைத்துவிட்டதுகள். குந்தியிருந்து காத்துக்கொண்டிருந்ததுகள். அப்பா குடையைக் கொஞ்சம் அசைத்தபோது கைதட்டினதுகள். அக்கா எழும்பி நடந்துவிட்டாள்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் மத்தியானம் வந்துவிட்டது. சிராங்கூன் பக்கத்தில் ஒரு கோயிலில் ஐயரிடம் எல்லாம் ஒழுங்கு செய்தாயிற்று. அறையில் கூறைச் சேலையை மடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கும் அப்பாவுக்கும் முன்னால் அக்கா வந்து நின்றாள்.

"இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள நான் அந்தாளோட கதைக்க வேணும். இல்லாட்டி நாளைக்குக் கோயிலுக்கு நீங்கள் போங்கோ. ஹொலிடேக்குத்தானே வந்தனாங்கள், நான் மிருகக்காட்சிச்சாலைக்குப் போறன்."

"விசர்க் கதை கதையாதை" என்றார் அம்மா. ஆனால் குரலில் பலமில்லை. அக்கா சொன்னால் செய்கிறவள். எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது. அவள் கட்டிக்கொண்டு கனடாவுக்குப் போய்விட்டால் அந்த வெள்ளவத்தை வீட்டில் நான் தனித்துப்போவேன். போகாவிட்டால் அம்மாவும் மாமியும் தாங்கமாட்டார்கள். இதற்குள் அந்தத் தோட்டு ஆசையெல்லாம் எனக்கு விட்டுப்போயிருந்தது. மாப்பிள்ளைக்குக் கிடைத்த லீவும் அவ்வளவுதான். இதை விட்டால் அந்த மனிதன் இன்னும் எத்தனை வருஷம் காத்திருந்து, எந்த நாட்டில், யாரைக் கட்டுவார்?

அந்த மனத்தாங்கலோடுதான் கடற்கரைப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைத்தொகுதிக்குப் போனோம். சுவரில்லாத பெரிய கொட்டகை. நிலத்தில் பூட்டிய மேசைகள், நிலத்தில் பூட்டிய ஸ்டூல்கள். வழமைபோல ஒரு மேசையில், அறையில் விட்டுவர மனமில்லாத கூறைச் சேலைப் பையோடு அம்மாவும் அக்காவும். அடுத்த மேசையில் மாமியும் மாப்பிள்ளையும், முதுகு காட்டிக்கொண்டு. நடுவழியில் குடையோடு அப்பா. நான் எல்லாருக்கும் தேசிக்காய்த் தண்ணி வாங்கப் போயிருந்தேன். தட்டில் குவளைகளை அடுக்கிக்கொண்டு திரும்பினேன்.

வானத்தைக் கிழித்துக்கொண்டு அந்தச் சத்தம் வந்தது.

நான் யோசிக்கவில்லை. ஒருவரும் யோசிக்கவில்லை. தட்டு எங்கே போனதோ, நான் குப்புற விழுந்து இரண்டு காதையும் பொத்தியிருந்தேன். குண்டு போடப் பொம்மர் தாழப் பதியும்போது வருகிற அதே சத்தம். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து எத்தனை வருஷம்! காதுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. முதுகெல்லாம் தேசிக்காய்த் தண்ணியும் ஐஸ்கட்டியும்.

முகத்தைத் தூக்கிப் பார்த்தேன். அந்தக் கொட்டகையில் இருந்த அத்தனை சனமும் ஓடிப்போய் வெளியே நின்று, அண்ணாந்து, கைதட்டிக்கொண்டிருந்தது. குழந்தைகளைத் தோளில் ஏற்றிக் காட்டினார்கள். அவர்களுடைய தேசிய தினத்துக்குப் போர் விமானங்களின் ஒத்திகையாம். நிலத்தில் கிடந்தவர்கள் நாங்கள் ஆறு பேர் மட்டும்தான்.

அம்மா கூறைச் சேலைப் பையின்மேல் கவிழ்ந்து படுத்திருந்தார். அப்பா குடையைத் தலைக்கு மேலே பிடித்தபடி படுத்திருந்தார். குண்டுக்குக் குடை! மேசை துடைக்கிற ஒரு சீனக் கிழவி துணியோடு ஓடிவந்து குனிந்து, "ஓகே? ஓகே?" என்று கேட்டாள். அப்பா நிலத்தில் கிடந்தபடியே தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "வீ ஆர் ஒன் ஹொலிடே" என்றார்.

மாமி தன் மேசைக்குக் கீழே போயிருந்தார். மாமி ஒரு மேசைக்குக் கீழே போனால் அங்கே வேறு ஒருவருக்கும் இடமிருக்காது. அதனால் மாப்பிள்ளை அடுத்த மேசைக்குக் கீழே பாய்ந்திருந்தார். அங்கே அக்கா இருந்தாள். ஸ்டூல் கால்களுக்கு நடுவால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டு பேரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு, மூக்கோடு மூக்கு முட்டுகிற தூரத்தில் இருந்தார்கள்.

மாமியும் கண்டுவிட்டார். "பாக்காதேங்கோ!" என்று கத்தினார். ஒரு கிழமையாகப் பகலில் திறக்காத வாய் திறந்தது. வெற்றிலை முழுக்கச் சிங்கப்பூரின் நிலத்தில் கொட்டியது. "ஐயோ தண்டம்!" என்று அம்மா தவழ்ந்துபோய்த் தன் கைலேஞ்சியால் அதைத் துடைக்கத் தொடங்கினார்.

"எழும்புங்கோ, எழும்புங்கோ. ஒண்டுமில்லை. ஒத்திகையாம். அது அவங்கட சொந்தப் பிளேன்" என்று அப்பா முழங்காலைத் தட்டிக்கொண்டு எழும்பினார்.

"ஊரில எங்களுக்கு மேல வந்ததும் எங்கட நாட்டுச் சொந்தப் பிளேன்தானே" என்றார் அம்மா, துடைத்துக்கொண்டே.

அதற்குள் பிளேன்கள் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தன. ஒத்திகை என்று தெரியும், சொந்தப் பிளேன் என்று தெரியும், அப்படியிருந்தும் நாங்கள் அத்தனை பேரும் மறுபடி விழுந்து படுத்தோம். சொன்ன அப்பாதான் முதலில் விழுந்தார்.

அவை போய்ச் சத்தம் அடங்கிய பிறகு ஒவ்வொருவராக எழும்பினோம். அந்த இரண்டு பேர் மட்டும் எழும்பவில்லை. மாமி குனிந்து இழுக்கப் போனார். அப்பா குறுக்கே வந்து நின்று குடையை மேசையோரமாகச் சரித்து மறைத்தார்.

"விடுங்கோ தங்கச்சி. கீழ இருட்டு. ஒண்டும் தெரியாது."

"பட்டப்பகலண்ணை!" என்றார் மாமி.

"மேசைக்குக் கீழ இருட்டுத்தான்" என்றார் அப்பா. அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். வயிறு குழம்பியதா என்று தெரியாது. நகராமல் நின்றார். கிழவி எல்லாருக்கும் சுடச்சுடத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, மேசைக்குக் கீழேயும் இரண்டு குவளையை நீட்டினாள். ஒரு கை வந்து வாங்கியது. பிறகு இன்னொரு கை.

நாங்கள் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, பார்க்க ஒன்றுமில்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்கள் எழும்பி வந்தபோது ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. அரை மணித்தியாலம்கூட இருக்காது. மாப்பிள்ளைக்குத் தலையில் மேசை இடித்துச் சிவந்திருந்தது. அக்கா சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு அப்பாவிடம் போய், "நாளைக்கு எத்தினை மணிக்குக் கோயில்?" என்று கேட்டாள். அம்மா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டார். மாமி வழக்கத்தையெல்லாம் மறந்து அக்காவின் நெற்றியில் கொஞ்சினார், வெற்றிலைச் சிவப்போடு.

எனக்கு ஆறவில்லை. முப்பது வயது தாண்டியும் கட்டாமல் இருந்தவள், நாய்க்குட்டிக்காக ஒருவரை வேண்டாம் என்றவள், ஒரு மேசைக்குக் கீழே குந்தியிருந்துவிட்டு வந்து ஓம் என்கிறாள். அன்றிரவு கேட்டேன், சொல்லவில்லை. மறுநாள் காலை கூறை உடுத்திவிடும்போது ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "சொல்லாட்டிக் குத்துவன்" என்றேன்.

"கேக்க வேணும் எண்டு வைச்சிருந்ததைக் கேட்டனியோ?" என்று நானே தொடங்கினேன்.

"இல்லை. அவர்தான் முதல் கேட்டவர்."

"என்னவாம்?"

அக்கா கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க விடியக் குப்பை லொறி வாறதாம். தொட்டியைத் தூக்கிப் போடுற சத்தம் கேட்டால் இவர் கட்டிலுக்குக் கீழ போயிடுவாராம். இத்தினை வருஷமாகியும் அந்தப் பயம் விடயில்லையாம். கூட இருக்கிற பெடியள் சிரிப்பினமாம். நீங்கள் வந்தால் சிரிப்பீங்களோ எண்டு கேட்டவர்."

ஊசி என் கையிலேயே இருந்தது.

"நீ என்ன சொன்னனி?"

"கட்டிலுக்குக் கீழ ரெண்டு பேருக்கு இடம் காணுமோ எண்டு கேட்டன்."

"அதுக்கு?"

"காணாதாம். கொஞ்சம் உயரமான கட்டிலாப் பாத்து வாங்குவம் எண்டு சொன்னவர்."